தன்னைத் தானே கணக்குப் பார்த்த கலீபா
ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

பதவி என்பது ஓர் அமானிதம். அதைத் தேடி அலைந்தவர்கள் சரித்திரத்தில் ஏராளம். அது தம் தலையில் வந்து விழுந்தபோது அழுதவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர்தாம் உமைய்யா வம்சத்தில் தோன்றிய ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

அன்னார் ஆட்சி புரிந்தது இரண்டு வருடமும் ஐந்து மாதமும்தான். ஆயினும் நேர்வழி நின்ற நான்கு கலீபாக்களுக்குப் பின் ஐந்தாமவர் என்று உலமாக்கள் அன்னாரைப் போற்றுகின்றனர். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி மார்க்கத்தைப் புதுப்பித்த முஜத்தித் என்றும் பெரியோர்கள் அன்னாரைக் குறிப்பிட்டுள்ளனர்.

இத்தனை சிறப்பும் பிறவியிலேயே வந்துவிட்டதா? இல்லை. அன்னாரின் வாழ்வைப் படித்துப் பார்த்தால், படிப்படியாகத் தம்மைத் திருத்திக்கொண்ட ஒரு மனிதரையே நாம் காண்கிறோம். தவறு நேர்ந்தது, அதை மறக்கவில்லை. எடுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள், அவர்களைத் தள்ளவில்லை. இரவில் தம்மைத் தாமே கணக்குப் பார்த்தார்கள். பகலில் அந்தக் கணக்கின்படி நடந்தார்கள். முஹாஸபா என்று பெரியோர்கள் சொல்லும் இந்தத் தன்னாய்வுதான் ஒரு செல்வச் சீமானை நீதிமிக்க கலீபாவாக மாற்றியது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

பால் விற்ற வீட்டின் வாரிசு

ஹஜ்ரத் உமர் பின் கத்தாப் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்தில், ஓர் இரவு மதீனாவின் தெருக்களில் நகர்வலம் வந்தார்கள். ஒரு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சு அன்னாரின் காதில் விழுந்தது. விற்கும் பாலில் தண்ணீர் சேர்க்கும்படி தாய் சொல்கிறாள். கலீபா அதைத் தடுத்திருக்கிறாரே என்கிறாள் மகள். இந்த இருட்டில் கலீபா எங்கே பார்க்கப்போகிறார் என்று தாய் கேட்க, கலீபா பார்க்காவிட்டாலும் அவருடைய ரப்பு பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று மகள் பதில் சொல்லிவிட்டாள். மறுநாள் விசாரித்து, அந்தப் பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள் கலீபா அவர்கள். அந்தத் தம்பதிகளின் வழியில் வந்தவரே உம்மு ஆஸிம். அவருடைய மகன்தான் நமது உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான் எகிப்தின் கவர்னர். பெரிய தந்தை அப்துல் மலிக் கலீபா. ஆக, தாய்வழியில் தக்வாவும் தந்தைவழியில் ஆட்சியும் செல்வமும் அன்னாருக்கு வந்து சேர்ந்தன. இவ்விரண்டில் எது வெல்லும் என்பதே அன்னாரின் வாழ்க்கை முழுவதும் நடந்த போராட்டம்.

மதீனாவில் கற்ற பாடம்

மகனுக்கு நல்ல கல்வி வேண்டும் என்பதற்காகத் தந்தை அவரை மதீனாவில் விட்டு வைத்தார். ஸாலிஹ் பின் கைஸான் என்ற பெரியவர் அவரைக் கண்காணித்து வந்தார். ஒருநாள் சிறுவர் உமர் ஜமாஅத் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். காரணம் கேட்டபோது, தலைவாரும் பெண் முடியைச் சீர்படுத்திக்கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது என்றார். தொழுகையை விட முடி அழகு பெரிதாகிவிட்டதா என்று வருந்திய ஆசிரியர், எகிப்திலிருந்த தந்தைக்கு எழுதினார். தந்தை உடனே ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் முதல் காரியமாகச் சிறுவரின் தலைமுடியை மழித்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசினார்! பிள்ளையின் தொழுகை விஷயத்தில் அக்காலத்துப் பெற்றோர் காட்டிய அக்கறைக்கு இது ஒரு சான்று.

மதீனாவின் ஏழு பெரும் பகீஹுகளில் ஒருவரான உபைதுல்லாஹ் பின் அப்துல்லாஹ் (ரஹ்) அவர்களிடமும் உமர் பாடம் கற்று வந்தார். உமைய்யாக்களின் சபைகளில் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களைக் குறைத்துப் பேசுவது வழக்கமாக இருந்த காலம் அது. வீட்டில் கேட்டதை இளைஞர் உமரும் திருப்பிச் சொல்லலானார். இதை அறிந்த ஆசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, பத்ரு ஸஹாபாக்களை அல்லாஹ் பொருந்திக்கொண்ட பின், அவர்கள் மீது அவன் மறுபடி கோபம் கொண்டான் என்ற செய்தி உனக்கு எப்போது வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். மாணவருக்குப் புரிந்துவிட்டது. வெட்கித் தலைகுனிந்து தவ்பா செய்தார். அதன்பின் அந்தப் பேச்சு அவர் வாயில் வரவேயில்லை. இந்தச் சிறிய சம்பவத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதன் பலன் பல வருடங்களுக்குப் பின் தெரிய வந்தது.

முப்பது ஒட்டகங்களில் வந்த கவர்னர்

தந்தை மறைந்த பின் கலீபா அப்துல் மலிக் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, தம் மகள் பாத்திமாவை மணமுடித்துக் கொடுத்தார். பிறகு ஹிஜ்ரி 87-ல் (கி.பி. 706) கலீபா வலீத் அவரை மதீனாவின் கவர்னராக நியமித்தார். அப்போது அன்னாருக்கு இருபத்தைந்து வயதளவில் இருக்கும்.

புதிய கவர்னரின் சாமான்கள் முப்பது ஒட்டகங்களில் வந்து இறங்கின. விலையுயர்ந்த உடைகள், உயர்ந்த வாசனைத் திரவியங்கள், பெருமிதமான நடை. அந்த நடைக்கே உமரி நடை என்று பெயர் வைத்து இளம்பெண்கள் பழகிப் பார்த்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. இத்தகைய சுகவாசியாகத்தான் அன்னார் அன்று இருந்தார்கள்.

எனினும் உள்ளே ஈமானின் ஒளி அணையாமல் இருந்தது. மதீனா வந்ததும் உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மது, ஸாலிம் பின் அப்துல்லாஹ் (ரஹ்) முதலிய பத்து உலமாக்களை அழைத்தார்கள். அவர்களுடைய ஆலோசனையின்றி எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்றார்கள். தம் அதிகாரிகளில் எவரேனும் அநியாயம் செய்வதைக் கண்டால் அதைத் தமக்கு அறிவிப்பது அவர்கள் மீது கடமை என்றும் கேட்டுக்கொண்டார்கள். அந்நாளில் உயிருடன் இருந்த ஸஹாபி ஹஜ்ரத் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள், இந்த இளைஞரின் தொழுகையைப் போல நாயகம் (ஸல்) அவர்களின் தொழுகைக்கு ஒப்பான தொழுகையை வேறெவரிடமும் தாம் காணவில்லை எனப் பாராட்டினார்கள். மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்கிக் கட்டும் பெரும் பணியும் கலீபா வலீதின் உத்தரவின்படி அன்னாரின் மேற்பார்வையில்தான் நடந்தது.

நெஞ்சை விட்டு நீங்காத ஒரு தவறு

இந்தக் காலத்தில்தான் அன்னாரின் வாழ்க்கையையே உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. ஹஜ்ரத் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகனார் குபைப் என்பவர் வணக்கசாலி. அவர் மீது கலீபா வலீதுக்குக் கோபம். அவரைச் சாட்டையால் அடிக்கும்படி கவர்னருக்கு உத்தரவு வந்தது. கவர்னர் அதை நிறைவேற்றினார்கள். அடித்ததோடு, குளிர்காலத்தில் அவர் தலையில் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றப்பட்டது. பள்ளிவாசல் வாயிலில் நிறுத்தியும் வைக்கப்பட்டார். அதிலேயே குபைப் இறந்துபோனார்.

கட்டளை மேலிடத்திலிருந்து வந்தது; நான் நிறைவேற்றினேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. உலகத்து அதிகாரிகள் அனைவரும் சொல்லும் சமாதானம் அதுதான். ஹஜ்ரத் உமர் (ரஹ்) அவர்கள் அதைச் சொல்லவில்லை. மரணச் செய்தி கேட்டதும் நிலைகுலைந்து போனார்கள். அன்று தொடங்கிய துக்கம் அன்னாரின் கடைசி நாள்வரை நீங்கவில்லை. பின்னாளில் அன்னாரின் நற்செயல்களைப் புகழ்ந்து, சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெறுங்கள் என்று யாராவது சொன்னால், குபைப் வழியில் நிற்கும்போது நான் எப்படிப் போவேன் என்று கேட்பார்களாம்.

எண்ணிப் பாருங்கள். நாம் செய்த நன்மைகளை நாம் மறப்பதில்லை; பிறருக்கு இழைத்த தீங்கை மட்டும் மறந்துவிடுகிறோம். அன்னார் இதை மாற்றிக்கொண்டார்கள். தம்மால் ஒருவருக்கு நேர்ந்த தீங்கை வாழ்நாள் முழுதும் கண்முன் வைத்துக்கொண்டு, மற்றொருவருக்கு அது நேராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அதே ஹிஜ்ரி 93-ல் அன்னாரின் கவர்னர் பதவி போயிற்று. ஈராக்கில் ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களுக்கு மதீனாவில் புகலிடம் கிடைப்பதாக ஹஜ்ஜாஜ் கலீபாவிடம் புகார் செய்திருந்தான். மதீனாவை விட்டுப் புறப்பட்ட இரவில் அன்னார் திரும்பிப் பார்த்து அழுதார்கள். அழுக்கை மதீனா தன்னிடமிருந்து வெளியேற்றிவிடும் என்ற நாயக வாக்கின்படி, தாமும் அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரோ என்ற அச்சம் அன்னாரை வாட்டியது.

விழிக்க வைத்த பணியாளர்

அந்த இரவில் உடன் வந்தவர் முஸாஹிம். அடிமையாக இருந்து உரிமை பெற்ற பணியாளர். தம்மை முதன்முதலில் விழிக்க வைத்தவர் இந்த முஸாஹிம்தான் என்று ஹஜ்ரத் உமர் (ரஹ்) அவர்களே பிற்காலத்தில் நன்றியுடன் கூறியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். அன்னார் ஒருவரைச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். குற்றத்துக்குரிய அளவைத் தாண்டிச் சிறைவாசம் நீண்டுவிட்டது. அவரை விட்டுவிடும்படி முஸாஹிம் வேண்டினார். முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அப்போது அந்தப் பணியாளர் எஜமானரைப் பெயர் சொல்லி அழைத்து, கியாமத்து நாளின் விடியலை வயிற்றில் சுமந்து வரும் ஓர் இரவைப் பற்றி எச்சரித்தார். அமீர் இப்படிச் சொன்னார், அமீர் இப்படிக் கட்டளையிட்டார் என்று கேட்டுக் கேட்டு, தம் எஜமானரின் சொந்தப் பெயரே தமக்கு மறந்துவிடும் போலிருக்கிறது என்றும் சொன்னார். அந்த வார்த்தைகள் முகத்தை மூடியிருந்த திரையை விலக்கியது போல் இருந்ததாம் அன்னாருக்கு.

சொன்னவர் ஊதியம் வாங்கும் பணியாளர். கேட்டவர் அரச குடும்பத்தவர். உண்மை யாரிடமிருந்து வந்தது என்று பாராமல், வந்தது உண்மையா என்று மட்டும் பார்த்ததால் அல்லவா அன்னார் உயர்ந்தார்கள்!

வேண்டாமலே வந்த கிலாபத்

வலீதுக்குப் பின் அவர் சகோதரர் சுலைமான் கலீபாவானார். ஹிஜ்ரி 97-ல் அவர் ஹஜ்ஜுக்குச் சென்றபோது ஹஜ்ரத் உமர் (ரஹ்) அவர்களும் உடனிருந்தார்கள். திரண்டிருந்த ஜனத்திரளைக் கண்டு கலீபா மகிழ்ந்தார். இவர்கள் இன்று உமது குடிமக்கள்; நாளை அல்லாஹ்வின் சன்னிதியில் உமக்கெதிராக வழக்காடுவோர் என்று அன்னார் நினைவூட்டினார்கள். கலீபா அழுதுவிட்டார்.

ஹிஜ்ரி 99, ஸபர் மாதத்தில் (கி.பி. 717) ஷாம் நாட்டின் தாபிக் என்ற ஊரில் சுலைமான் நோயுற்றார். மக்களில் சிலர் சிறுவர்கள், வயதுவந்தவர் போர்முனையில். ரஜா பின் ஹைவா (ரஹ்) என்ற அறிஞரின் ஆலோசனைப்படி, உமர் பின் அப்துல் அஸீஸ் அடுத்த கலீபா என்றும், அவருக்குப் பின் யஸீத் பின் அப்துல் மலிக் என்றும் மரண சாசனம் எழுதி முத்திரையிட்டார். தம் பெயர் இருக்குமோ என அஞ்சிய ஹஜ்ரத் உமர் (ரஹ்) அவர்கள், இருந்தால் இப்போதே நீக்கிவிடச் சொல்லுங்கள் என்று ரஜாவிடம் மன்றாடினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. சுலைமான் இறந்து சாசனம் வாசிக்கப்பட்டபோது, இன்னா லில்லாஹி என்று சொல்லியபடியே அன்னார் தளர்ந்து நின்றார்கள்.

பிறகு மிம்பரில் ஏறி, தம் விருப்பமும் முஸ்லிம்களின் ஆலோசனையும் இல்லாமல் இப்பொறுப்பு தம்மீது சுமத்தப்பட்டுள்ளது என்றும், தமக்களித்த பைஅத்திலிருந்து மக்களை விடுவிப்பதாகவும், விரும்பியவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். மக்கள் ஒருமுகமாக அன்னாரையே வேண்டினார்கள். வாரிசு உரிமையாக வந்த பதவியை மக்களிடமே திருப்பிக் கொடுத்து, அவர்கள் தந்த பின்னரே ஏற்றார்கள்.

கலீபாவுக்கென அலங்கரித்த குதிரைகள் வந்து நின்றன. அவற்றை விற்றுப் பைத்துல்மாலில் சேர்க்கச் சொல்லிவிட்டுத் தம் கோவேறு கழுதையிலேயே ஏறினார்கள். காவல் தலைவர் ஈட்டியுடன் முன்னே நடந்தபோது, தாமும் முஸ்லிம்களில் ஒருவரே என்று கூறி விலகச் சொன்னார்கள்.

பகல் தூக்கமும் கத்திரிக்கோலும்

இரவெல்லாம் கண் விழித்த களைப்பில் சற்றுப் படுக்கச் சென்றார்கள். இளைஞரான மகன் அப்துல் மலிக் வந்து, மக்களிடமிருந்து அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பித் தராமல் உறங்கலாமா என்று கேட்டார். லுஹருக்குப் பின் பார்க்கலாம் என்றார்கள் தந்தை. லுஹர்வரை நீங்கள் உயிருடன் இருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார் மகன். தந்தை எழுந்து மகனை அணைத்து, மார்க்க விஷயத்தில் தமக்கு உதவும் பிள்ளையைத் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு உறங்காமலே வெளியே வந்தார்கள்.

அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றை மீட்கும் வேலையை யாரிடமிருந்து தொடங்குவது? அன்னார் தம்மிடமிருந்தே தொடங்கினார்கள். முந்திய கலீபாக்கள் தமக்கு வழங்கிய நிலங்களின் பத்திரங்கள் கொண்டுவரப்பட்டன. முஸாஹிம் ஒவ்வொன்றாகப் படிக்க, கலீபா அவர்கள் கையில் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டார்கள். லுஹர் பாங்கு சொல்லும்வரை இது நடந்தது. பதக் தோட்டத்தையும் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் இருந்த நிலைக்கே திருப்பினார்கள். கிலாபத் கிடைத்தபோது ஆண்டுக்கு 40,000 தீனாராக இருந்த அன்னாரின் சொந்த வருமானம், மரணத்தின்போது 400 தீனாராகக் குறைந்துவிட்டது என்று அன்னாரின் மகன் வழியாக ஒரு செய்தி அறிவிக்கப்பட்டுள்ளது.

தம்முடையதைக் கொடுத்த பிறகே உமைய்யாக் குடும்பத்தாரின் கைகளிலிருந்ததைக் கேட்டார்கள். அவர்கள் கோபப்பட்டார்கள். அத்தைமாரைத் தூது அனுப்பிப் பார்த்தார்கள். கலீபா அவர்கள் இரத்த பந்தத்தை மதித்தார்கள். ஆனால் பொதுப் பணத்தை அதற்கு விலையாகக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

வீட்டில் வந்த மாற்றம்

மனைவி பாத்திமா கலீபாவின் மகள், கலீபாக்களின் சகோதரி. அவரிடம் தந்தை அளித்த விலை மதிப்பற்ற நகைகள் இருந்தன. ஒன்று அந்த நகைகளைப் பைத்துல்மாலில் சேர்த்துவிட வேண்டும். அல்லது தம்மைப் பிரிந்துவிட வேண்டும். அந்த நகையுடன் ஒரே வீட்டில் தம்மால் இருக்க முடியாது என்றார்கள் கணவர். அந்த மாதரசி நகையைக் கொடுத்துவிட்டுக் கணவரைத் தேர்ந்துகொண்டார். கணவர் இறந்த பின், கலீபாவாக வந்த சகோதரர் யஸீத் அந்நகைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் உயிரோடிருக்கும்போது மனமொப்பிக் கொடுத்ததை அவர் மறைந்த பின் திரும்பப் பெறமாட்டேன் என்று மறுத்துவிட்டார். நம் தாய்மார்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய வரலாறு இது.

ஓர் இரவு அன்னார் தம் பெண்மக்களைப் பார்க்கச் சென்றபோது, அவர்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு விலகினார்கள். காரணம் கேட்டபோது, பருப்பும் வெங்காயமும் தவிர வீட்டில் வேறில்லை. அந்த வாடை தந்தைக்கு வீசக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. அன்னார் அழுதார்கள். நீங்கள் வகைவகையாக உண்டு, உங்கள் தந்தை நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். மக்களும் சேர்ந்து அழுதார்கள்.

இரவுக் கணக்கு

இஷாவுக்குப் பின் தொழும் இடத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அழுவது அன்னாரின் வழக்கம். காரணம் கேட்ட மனைவியிடம், தம் ஆட்சியில் எங்கோ பசித்திருக்கும் ஏழை, கேட்பாரற்ற நோயாளி, உடுக்கத் துணியற்றவர், ஒடுக்கப்பட்ட அநாதை, பிள்ளைகள் நிறைந்து வருவாய் குறைந்த குடும்பத்தார் ஆகியோரை எண்ணியதாகச் சொன்னார்கள். இவர்களைப் பற்றி ரப்பு தம்மிடம் கேட்பான். இவர்கள் சார்பில் நாயகம் (ஸல்) அவர்களே வழக்குரைப்பார்கள். அப்போது தம்மிடம் பதில் இருக்காதே என அஞ்சியே அழுததாகவும் கூறினார்கள். இரவில் உலமாக்களைக் கூட்டி மரணத்தையும் மறுமையையும் நினைவு கூர்வதும் உண்டு.

தம் மனச்சாட்சியை மட்டும் நம்பி அன்னார் இருந்துவிடவில்லை. காவல் தலைவராக நியமித்த அம்ர் பின் முஹாஜிரிடம், நான் உண்மையிலிருந்து விலகுவதைக் கண்டால் என் சட்டையைக் கழுத்தருகில் பிடித்து உலுக்கி, உமரே என்ன செய்கிறீர் என்று கேட்க வேண்டும் எனக் கட்டளையிட்டார்கள். பஸராவிலிருந்த ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களுக்கு எழுதி, நீதியுள்ள தலைவரின் இலக்கணத்தைக் கேட்டுப் பெற்றார்கள். முதியவர்களைத் தந்தையாகவும், ஒத்த வயதினரைச் சகோதரராகவும், இளையோரைப் பிள்ளைகளாகவும் பாவித்து நடந்துகொள்ளும்படி பெரியோர்கள் சொன்ன புத்திமதியையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அரசாங்க வேலையை அரசாங்க விளக்கில் பார்ப்பார்கள். சொந்தப் பேச்சு வந்தால் அதை அணைத்துவிட்டுத் தம் விளக்கை ஏற்றுவார்கள். ஓரிரவு ரஜா பின் ஹைவா உடனிருந்தபோது விளக்கு மங்கியது. பணியாளர் உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பவும் விடவில்லை. விருந்தினரை வேலை வாங்கவும் இல்லை. தாமே எழுந்து எண்ணெய் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எழுந்தபோதும் உமர்தான், திரும்பி வந்தபோதும் அதே உமர்தான். ஒன்றும் குறைந்துவிடவில்லையே என்றார்கள்.

நாட்டில் தெரிந்த பலன்

தம்மைத் திருத்திக்கொண்ட தலைவரின் கை நாடெங்கும் நீண்டது. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை மிம்பர்களில் ஏசும் வழக்கத்தை அடியோடு நிறுத்தினார்கள். மதீனாவில் ஆசிரியர் கேட்ட அந்த ஒரு கேள்வியின் பலன் இது! அதற்குப் பதிலாக, நீதியையும் நன்மையையும் உறவினருக்குக் கொடுப்பதையும் ஏவும் ஸூரத்துன் நஹ்லின் 90-வது வசனத்தை ஓதச் செய்தார்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் ஜும்ஆ குத்பாவின் முடிவில் நாம் கேட்கும் வசனம் அதுதான்.

இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் சிலரிடம் ஜிஸ்யா வசூலித்து வந்தனர் அதிகாரிகள். அதை ரத்துச் செய்தார்கள். வருமானம் குறையும் என்று முறையிட்டபோது, அல்லாஹ் நாயகம் (ஸல்) அவர்களை நேர்வழி காட்டவே அனுப்பினான், வரி வசூலிக்க அனுப்பவில்லை எனப் பதில் எழுதினார்கள். நகரத்துக்கு மதில் கட்டப் பணம் கேட்ட ஓர் அதிகாரிக்கு, அதை நீதியைக் கொண்டு அரண் செய்யுமாறும் பாதைகளை அநியாயத்திலிருந்து சுத்தம் செய்யுமாறும் எழுதினார்கள். காகிதம் கேட்ட மதீனா கவர்னர் அபூபக்ர் பின் ஹஸ்முக்கு, பேனாவைக் கூராக்கி நெருக்கி எழுதும்படி பதில் போயிற்று. கல்விக்கு மட்டும் அன்னார் கை சுருக்கவில்லை. உலமாக்கள் மறைந்து கல்வி அழிந்துவிடுமோ என அஞ்சி, நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ்களைத் தேடி எழுதி வைக்கும்படி இதே அபூபக்ருக்கு உத்தரவிட்டார்கள். ஹதீஸ் திரட்டும் பெரும் பணிக்கு அது தூண்டுகோலாயிற்று. ஆப்பிரிக்கப் பகுதிக்கு ஜகாத் வசூலிக்கச் சென்ற அதிகாரி, அங்கே பெற்றுக்கொள்ள ஏழைகள் கிடைக்காமல் அப்பணத்தில் அடிமைகளை வாங்கி விடுதலை செய்ததாகத் தெரிவித்தார்.

இறுதி நாட்கள்

சகோதரர் ஸஹ்ல், மகன் அப்துல் மலிக், பணியாளர் முஸாஹிம் ஆகிய மூவரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். உண்மையை முகத்துக்கு நேரே சொன்ன துணைவர்களை இழந்தும் அன்னார் வழி மாறவில்லை. ஹிஜ்ரி 101-ல் நோயுற்றார்கள். பணியாளர் ஒருவர் ஆயிரம் தீனார் பெற்றுக்கொண்டு விஷம் கொடுத்துவிட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அவரை அழைத்து விசாரித்து, அந்தப் பணத்தைப் பைத்துல்மாலில் சேர்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடும்படி விட்டுவிட்டார்கள்.

நோயை விசாரிக்க வந்த மைத்துனர் மஸ்லமா, கலீபாவின் சட்டை அழுக்காக இருப்பதைக் கண்டு சகோதரி பாத்திமாவைக் கடிந்துகொண்டார். இவருக்கு இதைத் தவிர வேறு சட்டை இல்லை என்பதே அவருடைய பதிலாக இருந்தது. ஹிஜ்ரி 101 ரஜப் மாதம் (கி.பி. 720) ஷாமிலுள்ள தைர் ஸம்ஆனில் அன்னார் வபாத்தானார்கள். வயது நாற்பதளவில்தான். அடக்கம் செய்யும் இடத்தையும் அதன் சொந்தக்காரரிடம் விலைக்கே வாங்கியிருந்தார்கள்.

அன்னாருக்குப் பின் வந்தவர்கள் பழைய வழக்கங்கள் பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தனர். மீட்ட நிலங்கள் மீண்டும் போயின. ஆனால் குத்பாவில் ஓதப்படும் அந்த வசனமும், ஹதீஸ் திரட்டச் சொன்ன அந்த உத்தரவின் பலனும் இன்றுவரை நிலைத்து நிற்கின்றன.

நமக்கு என்ன பாடம்?

நாம் கலீபாக்கள் அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பாளியே என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு. தாய் தம் பிள்ளைகளுக்கு. முதலாளி தம் கடைப் பையன்களுக்கு. முத்தவல்லி பள்ளிவாசலின் சொத்துக்கு. ஜமாஅத் தலைவர் தம்மிடம் வழக்குக் கொண்டுவரும் ஏழைக்கும் விதவைக்கும்.

ஆகவே இஷா தொழுத பின் முஸல்லாவை மடிக்குமுன் சிறிது நேரம் உட்கார்ந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று என் சொல்லால், என் கையால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததா? நேர்ந்திருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? பொதுப் பணத்தையும் என் பணத்தையும் வெவ்வேறு விளக்கில் வைத்துப் பார்த்தேனா? பிறருக்குச் சொல்லும் சட்டத்தை என் வீட்டில் முதலில் நடத்தினேனா? என் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்கும் உரிமையுள்ள ஒருவரையாவது என் பக்கத்தில் வைத்திருக்கிறேனா? அல்லது ஆமாம் போடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டேனா?

கடைசிக் கேள்விதான் கடினமானது. மனைவி சொன்னால் கோபம். மகன் சொன்னால் மரியாதைக் குறைவு. பணியாளர் சொன்னால் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பால் விற்ற பெண்ணின் பேரர், பணியாளர் முஸாஹிமின் சொல்லிலும் இளைஞரான மகனின் சொல்லிலும் தம் ஈடேற்றத்தைக் கண்டார்கள்.

அல்லாஹுதஆலா ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவானாக! மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் இங்கேயே நம்மை நாமே கணக்குப் பார்த்துத் திருந்தும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.